தண்டோரா யாருக்கு?

 

யாருடைய நினைவாக இந்தப் பொழிவை நடத்துகிறோமோ, அந்தத் தோழரைப் பழவேற்காட்டுப் பக்கம் எழுத்தாளர் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. "மனு எழுதுறவரு" என்றால் தெரியும். பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, கோடு போட்ட தாளில் அவர் எழுதிய தகவல் உரிமை மனுக்களின் நகல்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. கவிதை எழுதிய நோட்டு ஒன்றே ஒன்றுதான். அந்த நோட்டைப் பற்றி வேறு தோழர்கள் பேசுவார்கள். நான் பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஊழலை ஒழிக்கிறேன் என்று அரசு சட்டம் போடுகிறது. அதனால் கம்பெனிகளின் கணக்கும் காரியமும் நம் கண்ணுக்குத் தெரிய வந்திருக்கின்றனவா? இதுதான் கேள்வி. இதைக் கடற்கரையிலிருந்து, அதிலும் ஏரிச் சேற்றில் நிற்பவர்களின் இடத்திலிருந்து பார்க்க முயல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், ஒரு திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது எப்படி என்று விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும். குறைந்தது 30 நாள் அவகாசம் வேண்டும். செய்தித்தாள் போகாத இடங்களில் தண்டோரா போட்டும் சொல்ல வேண்டும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்களில் தண்டோரா போட்டது யார்? தப்பை மாட்டிக்கொண்டு ஊர்த் தெருவில் நின்று, "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று கூவியவர் நம் தாத்தா. சேரியில் போய்க் கூவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அடிக்கிறவனே அங்கிருந்துதானே போகிறான், அவனுக்குத் தெரியாதா என்று விட்டுவிடுவார்கள். சேதியைச் சுமந்தவர்கள் நாம், ஆனால் சேதி நம்மை நோக்கிச் சொல்லப்பட்டதல்ல. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா வழக்கத்துக்குத் தடை விதித்தது. நல்ல முடிவுதான், அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய முடிவு. ஆனால் சேதி யாருக்கு என்ற கேள்வி தப்போடு சேர்ந்து ஓயவில்லை.

தகவல் உரிமையின் கதை உங்களுக்குத் தெரியும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள், தங்கள் பெயரில் கூலி எழுதியிருக்கும் வருகைப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டார்கள். ஊர் நடுவில் அதை உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு, எல்லாம் வெளியே வந்தது. 1997இலேயே தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. அதில் தகவலைவிட விதிவிலக்குகள்தான் அதிகம் என்பது வேறு. 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது.

இந்தச் சட்டத்தின் பார்வை அதிகாரியின் மேஜை மேல்தான் இருக்கிறது. லஞ்சம் வாங்குகிறவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதன் நம்பிக்கை. எதிரே நாற்காலி போட்டுக் கொடுப்பவரைச் சட்டம் 'மூன்றாம் தரப்பு' என்கிறது. நாம் ஒரு கம்பெனியைப் பற்றி அரசு அலுவலகத்தில் கேட்டு, அந்தக் கம்பெனி அதை ரகசியம் என்று கருதினால், பிரிவு 11இன்படி தகவல் அலுவலர் ஐந்து நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும், கம்பெனி பத்து நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். வணிக ரகசியம் என்று பிரிவு 8இல் ஒரு திரையும் இருக்கிறது. பொதுநலன் பெரிது என்று காட்டினால் அந்தத் திரையை விலக்கலாம். காட்ட வேண்டியது நம் பொறுப்பு.

இதை எண்ணூரில் கண்ணால் பார்க்கலாம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகத்துக்கு வடக்கே இரண்டு துறைமுகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று காமராஜர் துறைமுகம், 2001இல் திறந்தது. அதுவும் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனம்தான், ஆனால் அரசுக்குச் சொந்தம். அங்கே தகவல் அலுவலர் உண்டு. பத்து ரூபாய்க்குக் கேட்கலாம். இன்னொன்று காட்டுப்பள்ளி. தமிழக அரசின் டிட்கோ பங்கேற்புடன் எல் அண்டு டி கட்டிய துறைமுகம். 2018இல் அதன் 97 சதவீதப் பங்கை அதானி துறைமுகக் கம்பெனி வாங்கியது. அங்கே மனு வாங்க ஆள் இல்லை. அதே கடல், அதே அலை, இரண்டுக்கும் மண் தோண்டுகிற கப்பல்தான். ஒருவர் தோண்டுவதைப் பற்றி நாம் கேட்கலாம். இன்னொருவர் தோண்டுவதைப் பற்றி அரசாங்கம் தன் கோப்பில் எழுதி வைத்திருந்தால் மட்டும், அந்த அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். அரசு ஒரு வேலையிலிருந்து விலக விலக, தகவல் உரிமை எட்டும் தூரம் குறைகிறது. இதற்காக யாரும் எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. பங்கை விற்றால் போதும்.

அரசு நிறுவனம் என்றால் எல்லாம் சுத்தம் என்றும் நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாயிலும் ஆற்றிலும் படர்ந்தது. சி.பி.சி.எல். பொதுத்துறை நிறுவனம். தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அது முதலில் சொன்ன பதில், எங்களிடமிருந்து கசியவில்லை என்பது. தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் ஆட்கள் கையாலும் பக்கெட்டாலும் எண்ணெயை அள்ளினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும் நுழைந்த பிறகுதான் பதில் மாறியது.

ஆனாலும் கம்பெனிகளைப் பற்றி நமக்கு உருப்படியாகக் கிடைத்த உண்மைகள் எல்லாம் அரசுக் கோப்பு வழியாகத்தான் கிடைத்தன. எண்ணூர்க் கழிமுகத்தின் வரைபடம் அதற்குச் சாட்சி. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் அந்தக் கழிமுகம், எதையும் கட்டக் கூடாத முதல் வகைப் பகுதியாக இருக்கிறது. சுமார் 6,469 ஏக்கர். பிறகு மாநில அலுவலகங்களில் புழங்கிய வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். ஆற்றைத் தூர்க்க லாரி தேவைப்படவில்லை, ஒரு ரப்பர் போதுமானதாக இருந்தது. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2017இல் காட்டியவர்கள் மனு போட்ட மனிதர்கள். அந்த இடத்தைத் தொழிற்சாலை நிலமாகப் பார்த்த எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழவேற்காடு ஏரியும் எண்ணூர்க் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயால் ஒட்டிக்கொண்டவை. அங்கே வரைபடத்தில் அழித்தால் இங்கே இறால் குறையும்.

கம்பெனியின் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு அலுவலகத்தின் கதவு ஒரு அங்குலம் சாத்தப்பட்டால், கம்பெனியைப் பார்க்க நமக்கு இருக்கிற ஒரே சன்னலும் ஒரு அங்குலம் மூடுகிறது. சாத்துகிறவர்கள் பல சமயம் ஊழல் ஒழிப்பு என்ற பெயரிலேயே சாத்துகிறார்கள்.

2008இல் தமிழக அரசு, லஞ்ச ஒழிப்புத் துறையைத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கி ஆணை போட்டது. ஊழலைப் பிடிக்கும் துறையிடம் ஊழலைப் பற்றிக் கேட்பதே இடைஞ்சலாம். ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலை மறைக்கக் கூடாது என்று சட்டமே சொன்னாலும், அதைச் சொல்லிச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. 2011இல் சி.பி.ஐ.க்கும் அதே சலுகை கிடைத்தது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் ஒரு நல்லது உண்டு. லஞ்சம் கொடுக்கும் கம்பெனியும் குற்றவாளி என்று முதல் தடவையாகத் தெளிவாக எழுதினார்கள். அதே திருத்தத்தில் பிரிவு 17ஏ வந்தது. அலுவல் முறையில் எடுத்த முடிவு பற்றி அதிகாரியை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. கொடுத்தவனைப் பிடிக்கலாம், வாங்கியவனை விசாரிக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றால் வழக்கு எங்கிருந்து தொடங்கும்? 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)யை மாற்றி எழுதியது. முன்பு பொது நடவடிக்கைக்குத் தொடர்பில்லாத சொந்தத் தகவலைத்தான் மறுக்கலாம். புதிய வாசகத்தில் அது தனிநபர் தகவல் என்றால் போதும். ராஜஸ்தான் தொழிலாளர்கள் உரக்கப் படித்த பதிவேட்டில் இருந்தவை என்ன? பெயர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய உதாரணம் தேர்தல் பத்திரம். கறுப்புப் பணத்தை ஒழிக்கத்தான் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். அதற்காக 2017இன் நிதிச் சட்டத்தில் கம்பெனிச் சட்டத்தை மாற்றினார்கள். லாபத்தில் ஏழரை சதவீதம்தான் கட்சிகளுக்குத் தரலாம் என்ற வரம்பு போயிற்று. எந்தக் கட்சிக்குத் தந்தோம் என்று கணக்கில் எழுதும் கட்டாயமும் போயிற்று. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும் வரை, ஊழல் ஒழிப்பின் பெயரால் கம்பெனிகள் மறைத்துக் கொடுப்பது சட்டபூர்வமாக இருந்தது. அடுத்த மாதம் பட்டியல் வெளியானபோது நாம் கட்சிகளின் பெயரைத் தேடினோம். எந்தக் கம்பெனிக்கு அதற்கு முன்னும் பின்னும் என்ன அனுமதி கிடைத்தது என்று தேதி வைத்துப் பார்க்கும் வேலை இன்னும் மீதி இருக்கிறது. மாணவர்கள் இதை ஆய்வுக்கு எடுக்கலாம்.

அப்படியானால் கம்பெனிகள் எதையும் வெளியிடுவதில்லையா? வெளியிடுகின்றன. மலைமலையாக. யாருக்கு என்பதுதான் விஷயம்.

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் வேளையில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குச் சேதி சொன்னது அவர்களுடைய மூக்கு. மறுநாள் கம்பெனி பங்குச் சந்தைகளுக்கு எழுத்தில் விளக்கம் அனுப்பியது. அது கம்பெனியின் பெருந்தன்மை அல்ல, செபியின் விதி. முக்கிய நிகழ்வு கம்பெனிக்குள்ளிருந்து எழுந்தால் 12 மணி நேரத்துக்குள், வெளியிலிருந்து வந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். பங்கு வைத்திருப்பவர் சூரத்தில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அவருக்கு மணிக்கணக்கு உண்டு. குழாய்க்குப் பக்கத்தில் தூங்குபவருக்கு? ஆபத்தைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 1989இன் அபாய வேதிப்பொருள் விதிகளில் இருக்கிறது. எத்தனை குப்பங்களில் சொல்லியிருக்கிறார்கள் என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

செபி இன்னொன்றும் செய்தது. 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் பொறுப்பும் நீடித்த தன்மையும் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். லஞ்சத்துக்கு எதிரான கொள்கை உண்டா, லஞ்சப் புகாரில் எத்தனை பேர் மேல் நடவடிக்கை என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. சுற்று வட்டார மக்களிடமிருந்து எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்று ஒரு அட்டவணை உண்டு. சம்பந்தப்பட்ட தரப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே 'நலிந்த, விளிம்புநிலைப் பிரிவா' என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று எழுத ஒரு கட்டம் உண்டு. நம் முழு வரலாறும் ஒரு கட்டத்தில் அடங்கிவிடுகிறது, ஆம். அறிக்கை ஆங்கிலத்தில், பங்குச் சந்தையின் இணையதளத்தில் இருக்கும். நான் இதை எள்ளி ஒதுக்கச் சொல்லவில்லை. புகார் பூஜ்யம் என்று ஒரு கம்பெனி எழுதியிருந்தால், நாம் கொடுத்த புகாரின் ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டு செபிக்கு எழுதலாம். தகரப் பெட்டிக்கு அது ஒரு புது வேலை.

கடல் தாண்டியும் இதே இலக்கணம்தான். 2024 நவம்பரில் அமெரிக்க அரசு, அதானி குழுமத்தின் தலைவர் மீதும் வேறு சிலர் மீதும் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. சூரிய மின்சார ஒப்பந்தங்களுக்காக இந்திய அதிகாரிகளுக்கு லஞ்சம் தருவதாகப் பேசிவிட்டு அதை முதலீட்டாளர்களிடம் மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. குழுமம் அதை மறுத்தது. மெய்யா பொய்யா என்பதை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. குற்றச்சாட்டின் வாக்கியத்தை மட்டும் பாருங்கள். லஞ்சம் கைமாறுவதாகச் சொல்லப்பட்ட இடம் இந்தியா. மின்கட்டணம் கட்டுகிறவர் இந்தியர். ஏமாந்தவராக அந்த வழக்கில் நிற்பவர் அமெரிக்க முதலீட்டாளர். வெளிநாட்டு லஞ்சத்தைத் தண்டிக்கும் சட்டத்தின் அமலாக்கத்தையே 2025 பிப்ரவரியில் அந்நாட்டு அதிபர் நிறுத்திவைத்தார் என்பது இன்னொரு கதை. அடுத்தவன் வீட்டு விளக்கில் நாம் வெகுநாள் படிக்க முடியாது.

"அப்படியானால் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு பொதுக்குழுவில் போய்க் கேட்கலாமே தோழர்" என்று போன மாதம் ஒரு மாணவர் கேட்டார். கேட்கலாம். வழி இருக்கும்போது நடப்பது தப்பில்லை. ஆனால் என் ஏரியைப் பற்றிக் கேட்க நான் ஏன் கம்பெனியில் பங்கு வாங்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இருக்கிறது. அது இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இனி கொஞ்சம் வீட்டுக்குள் பேசுவோம். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊரார் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது. பணக்காரன் நல்ல இடத்தை வளைத்துக்கொள்ள முடியாது. ஆய்வாளர்கள் வந்து வியந்து எழுதிய முறை. எல்லாரும் பார்க்கவே சீட்டு எடுக்கிறார்கள், அதைவிட வெளிப்படையான ஏற்பாடு எந்தக் கம்பெனியிலும் இல்லை. ஆனால் சீட்டில் பெயர் வர, மீனவச் சாதியில் பிறந்து ஊரில் தலைக்கட்டு இருக்க வேண்டும். அதே ஏரியை நம்பி வாழும் தலித்துக்கும் இருளருக்கும் அங்கே சீட்டு இல்லை. இடுப்பளவு நீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் எடுக்கும் பெண்ணுக்குப் படகு எண் இல்லை, வலை இல்லை, சங்கத்து அட்டை இல்லை. எண்ணெய் படர்ந்தால் முதலில் கொப்புளம் வருவது அவர் கையில். நிவாரணப் பட்டியலோ படகையும் வலையையும் சங்கத்தையும் வைத்து எழுதப்படுகிறது. துறைமுகத்துக்கு எதிராக நாம் எல்லாரும் ஒரே மேடையில் நிற்கிறோம், நிற்க வேண்டும். மேடையிலிருந்து இறங்கியதும் இதையும் பேச வேண்டும். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் என்று அரசாணை வாங்கினார். ஆணை வந்த மறுநாள் எந்தக் கிணற்றடியிலும் ஆரத்தி எடுக்கவில்லை. ஒவ்வொரு கிணற்றிலும் யாரோ ஒருவர் முதலில் இறங்க வேண்டியிருந்தது.

இறங்குவதற்கு இப்போது எந்தக் கிணறு இருக்கிறது என்று பார்த்தால், எனக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம்தான் தெரிகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆண்டுக்கு 2.46 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னுக்கு விரிவாக்கும் திட்டம். சுமார் 6,110 ஏக்கர், அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. மதிப்பு 53,400 கோடி ரூபாய். இதற்கான கூட்டம் 2021 ஜனவரி 22 என்று அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்து மறுபடியும் தள்ளிவைத்தார்கள். எதிர்ப்பின் பலம் அது. ஆனால் அந்தக் கூட்டத்தின் விதியைப் படித்துப் பாருங்கள். கம்பெனியின் ஆள் நேரில் வந்து திட்டத்தை விளக்க வேண்டும். அங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் கேள்வி கேட்கலாம். நடந்ததை எழுதி, முடிவில் நம் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். பங்குப் பத்திரம் வேண்டாம், தலைக்கட்டு வேண்டாம், சங்கத்து அட்டை வேண்டாம். ஒரு கம்பெனி நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டிய இடம் நாட்டில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அதற்கு விலக்குத் தருவதிலும் சுருக்குவதிலும் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள்.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில், நான் ஒரு திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக் குடியிருப்பு ஒன்றுக்குப் போனேன். பெரிய சாதனை செய்த நினைப்பு எனக்கு. இறால் தடவிவிட்டு வந்து ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் நான் படிப்பதை முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்: "எங்க சேறு எந்தப் பக்கத்துல இருக்குது தம்பி?" தேடினேன். மீனவக் கிராமங்கள் இருந்தன, படகுகளின் எண்ணிக்கை இருந்தது, பறவைகளின் பெயர்கள்கூட இருந்தன. கையால் இறால் எடுப்பவர் என்று ஒரு வரி இல்லை. "இல்லக்கா" என்றேன். "அப்ப கூட்டம் என்னைக்குன்னு சொல்லு, நானே வந்து சொல்றேன்" என்றார். கூட்டம் காலை பத்தரை மணிக்கு வைத்திருந்தார்கள். அது அவர் நீரில் இருக்கும் நேரம். அன்றைய கூலியை விட்டுவிட்டு அவர் வரவில்லை, நானும் வா என்று வற்புறுத்தவில்லை. அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அந்தச் சேறு இன்றைக்கும் இல்லை.

காட்டுப்பள்ளிக் கூட்டத்துக்கு மூன்றாவது தேதி ஒருநாள் வரும். 30 நாள் அவகாசம் கிடைக்கும். இங்கே உள்ள மாணவர்கள் அறிக்கையைத் தமிழில் பிரித்துப் படிக்கும் குழுவாகச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டம் படிப்பவர்கள் துறைமுகத்துக்கு நேராகப் போகாமல் கடல்சார் வாரியத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் டிட்கோவுக்கும் இப்போதே மனு எழுதத் தொடங்கலாம். பெட்டியில் மாதிரிகள் இருக்கின்றன, நகல் எடுத்துத் தருகிறேன். மற்றவர்கள் என்னோடு ஏரிக்கரைக்கு வாருங்கள். கூட்டத்து நேரத்தை மாற்றச் சொல்லி ஆட்சியருக்கு எழுத வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் அந்த அக்காவிடம், அந்த மாதத்தில் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு நீர் வற்றும் என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டு வர வேண்டும்.